சந்திராவின் கண்ணை மூடிவிடாதீர்கள்

நாசா வானியற்பியல் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2024 மார்ச்சில் வெளியான உங்கள் 2025 நிதியாண்டு பட்ஜெட் கோரிக்கையைப் பார்த்தேன். ஆண்டுக்குச் சுமார் 6.8 கோடி டாலரில் இயங்கிவரும் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு 4.11 கோடிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதற்கடுத்த ஆண்டு 2.66 கோடி. அந்தப் பணத்தில் தொலைநோக்கியை நடத்த முடியாது, மூட மட்டும்தான் முடியும்.

வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகிவிட்டது, செலவு கூடுகிறது என்று காரணம் சொல்கிறீர்கள். 1999 ஜூலையில் கொலம்பியா விண்கலம் ஏற்றிச் சென்ற கருவி அது. கால் நூற்றாண்டு வெயிலில் அதன் வெப்பக்காப்பு உறை தேய்ந்திருப்பது உண்மை. அதனால்தான் ஒரே திசையில் வெகுநேரம் நிறுத்தாமல், சூடேறிய பகுதி ஆறும்வரை வேறொன்றைப் பார்க்கும்படி குழுவினர் அட்டவணை போடுகிறார்கள். வேலை கூடுதல்தான். ஆனால் படம் இன்னும் கூர்மையாகவே வருகிறது.

அந்தக் கூர்மைக்கு இன்று மாற்று இல்லை. எக்ஸ்-கதிர் நேராக மோதினால் கண்ணாடிக்குள் புகுந்துவிடும். உரசிக்கொண்டு போனால்தான் திரும்பும். அதற்காக இரிடியம் பூசிய நான்கு ஜோடிக் கண்ணாடிகளைப் பீப்பாய்க்குள் பீப்பாயாக அடுக்கினீர்கள். அரை வில்வினாடி (ஒரு வில்வினாடி என்பது ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) அளவுக்குப் பிரித்துப் பார்க்கும் வேறு எக்ஸ்-கதிர் தொலைநோக்கி எது? ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டனும் ஜப்பானின் எக்ஸ்ரிஸ்மும் அருமையான கருவிகள், ஆனால் இந்த வேலைக்கானவை அல்ல.

2023இல் வந்த, யுஎச்இசட்1 என்ற விண்மீன் மண்டலம் பற்றிய கண்டுபிடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏபெல் 2744 என்ற விண்மீன் மண்டலக் கொத்தின் ஈர்ப்பு, லென்ஸ் போல நின்று, அதற்குப் பின்னால் வெகுதொலைவில் உள்ள இந்த மண்டலத்தைப் பெரிதாக்கிக் காட்டியது. அந்தக் கொத்தை நிரப்பியிருக்கும் பல கோடி டிகிரி வாயுவோ தானே எக்ஸ்-கதிரில் ஒளிர்கிறது. அந்தப் பிரகாசத்துக்குள் ஒரு மங்கிய புள்ளியைச் சந்திரா இரண்டு வாரத்துக்கு மேல் பார்த்துப் பிரித்தெடுத்தது. பெருவெடிப்புக்குப் பின் 47 கோடி ஆண்டுகளே ஆன காலத்துக் கருந்துளை அது! அதன் நிறை அந்த மண்டலத்தின் விண்மீன்கள் அத்தனைக்கும் ஈடாக இருக்கலாம். பெரிய வாயு மேகம் விண்மீனாகாமலே நேரடியாகச் சரிந்தும் கருந்துளை பிறக்கலாம் என்று கோயம்புத்தூரில் பிறந்த வானியற்பியலாளர் பிரியம்வதா நடராஜனும் அவரது சகாக்களும் கணித்திருந்ததற்கு இது வலுவான சான்று. அந்த மண்டலத்தைக் கண்டது வெப் தொலைநோக்கி. கருந்துளையைக் காட்டியது சந்திரா. ஒன்றை மூடினால் மற்றதும் பாதிக் குருடாகிவிடும்.

அப்புறம், அந்தப் பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 19 வயதில் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் விண்மீன்களின் முடிவைக் கணக்கிட்ட சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை நீங்கள்தான் வைத்தீர்கள். எங்களுக்கு அது வீட்டுப் பெயர் மாதிரி. இருந்தாலும், பெயருக்காக இதைக் கேட்கவில்லை.

பழைய அளவிலேயே நிதியைத் தாருங்கள். இதே கூர்மையுள்ள இன்னொரு தொலைநோக்கி விண்ணுக்குப் போகும் வரையாவது மசாசூசெட்ஸில் இருக்கும் அந்தக் குழுவைக் கலைக்காதீர்கள். நிலவுக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எட்டிப்போய்ச் சுற்றுகிற கருவி அது. ஹபிள் தொலைநோக்கிக்குப் போனதுபோல ஆளனுப்பிப் பழுதுபார்க்க முடியாது. அதன் வெப்பத்தை, அதன் வயதை, அதன் ஒவ்வொரு அசைவையும் அறிந்தவர்கள் அவர்கள்தான்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு வானியல் ஆர்வலர்
ஏப்ரல் 2024