தோபித்து வேதத்தில் இல்லையா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவை அடக்கம் செய்து இன்றோடு நாற்பது நாள். பேசலாம் என்று பலமுறை போனை எடுத்தேன். பேசினால் இரண்டு பேருமே அழுதுவிடுவோம், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். கோத்தகிரியில் நம் வீட்டைப் போல ஒரே கூரைக்குள் இரண்டு மூன்று சபைக்காரர்கள் இருக்கிற வீடுகள் உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன். உன் பெயரைப் போடவில்லை.

அடக்கத்துக்கு முந்தின இரவு. வெளியே புல்லெல்லாம் உறைபனி. கூடத்தில் கரியடுப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மாமா அம்மாவின் கத்தோலிக்க விவிலியத்தை எடுத்து தோபித்து நூலை வாசிக்க ஆரம்பித்தார். நினிவேக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட தோபித்து, பெந்தக்கோஸ்து விழா நாளில் சாப்பிட உட்காருகிறான். தெருவில் தன் இனத்தான் ஒருவனுடைய பிணம் கிடக்கிறது என்று மகன் வந்து சொல்கிறான். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய், சூரியன் மறைந்ததும் குழி தோண்டி அடக்கம் செய்கிறான். அந்த இடத்தில் நீ எழுந்தாய். "மாமா, இது வேதத்துலயே இல்ல. வேதத்துல இருந்து வாசிங்க" என்றாய். மாமா ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

நீ யாரையும் நோகடிக்கச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நம்புவதைச் சொன்னாய். அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

தோபித்து வேதத்தில் இல்லை என்று யார் தீர்மானித்தது? வேதாகமத்தில் எந்தெந்தப் புத்தகம் சேரும் என்ற பட்டியல் வேதாகமத்தின் எந்தப் புத்தகத்திலும் இல்லை. முன்பக்கத்துப் பொருளடக்கம் சபை கூடிப் பேசி, சண்டையும் போட்டு, உண்டாக்கியது. 397-ல் கார்த்தேஜ் மாநகரில் கூடிய ஆயர்கள் தோபித்தைப் பட்டியலில் வைத்தார்கள். அதே காலத்தில் வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோமுக்கு அதில் சம்மதமில்லை. யூதர்களின் எபிரேய வேதத்தில் இருப்பது மட்டும் போதும் என்பது அவர் கட்சி. ஆனாலும் ஆயர்கள் கேட்டதற்காகத் தோபித்தை மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஒரே நாள் வேலை என்று அவரே எழுதியிருக்கிறார். கத்தோலிக்க சபையை விட்டுப் பிரிந்த லூத்தர் 1534-ல் தன் ஜெர்மன் வேதாகமத்தில் தோபித்து போன்ற இந்தப் புத்தகங்களை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் வைத்தார். வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்க நல்லது, பயனுள்ளது என்று தலைப்பிலேயே எழுதினார். கத்தோலிக்க சபை 1546-ல் திரெந்து நகரில் கூடிய ஆயர்கள் சங்கத்தில், இவையும் வேதமே என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. தரங்கம்பாடி மிஷனரிகள் அச்சடித்த முதல் தமிழ் வேதாகமத்தின் கடைசிப் பாகமாக 1728-ல் வந்தது இந்தத் தள்ளுபடி ஆகமங்கள்தான். அவர்கள் கத்தோலிக்கர் இல்லை, லூத்தரன்கள். லண்டன் வேதாகமச் சங்கம் 1826-ல், இந்தப் புத்தகங்களை அச்சிட இனிமேல் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. நீ கையில் வைத்திருக்கிற வேதாகமம் 66 புத்தகங்களோடு நிற்பதில் அந்த முடிவுக்கும் பங்கு உண்டு.

கூடலூர்ப் பக்கம் இருக்கிற சிரியன் கிறிஸ்தவர்களின் கதை இன்னும் வேறு. அவர்கள் முன்னோர் வாசித்த பழைய சிரியாக் மொழி வேதத்தில் வெளிப்படுத்தின விசேஷம் கிடையாது. இரண்டாம் பேதுருவும் யூதாவும்கூட இல்லை. பிற்பாடுதான் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் சபையில் வெளிப்படுத்தலிலிருந்து எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பாய்? அந்த முன்னோர்களில் ஒருவர் எழுந்து "இது வேதத்திலேயே இல்லை" என்று சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்?

நமக்குச் சின்ன வயதில் இது சண்டையாக இல்லை, ஞாபகம் இருக்கிறதா? ஃபேக்டரியிலிருந்து அப்பா கொண்டுவரும் தேயிலைப் பையின் கெட்டிப் பழுப்புத் தாளில் இரண்டு புத்தகத்துக்கும் அட்டை போட்டிருந்தார். ஒன்றில் "அப்பா", இன்னொன்றில் "அம்மா" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது நீதான். அம்மாவினுடையது தடிமன். ஒருநாள் பொருளடக்கத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு மட்டும் ஏன் ஏழு புத்தகம் கூட?" என்று கேட்டாய். "அது உங்கம்மா பொறந்த வீட்டுல இருந்து கொண்டுவந்தது, நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்றார் அப்பா. பெரியவனானதும் என்னிடம் விளக்கியும் சொன்னார்: வாழ்க்கைக்கு எடுத்துக்காட்டாக வாசிக்கலாம், உபதேசத்தை அதன்மேல் கட்டக் கூடாது. அது ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் ஆறாவது சொல்வதுதான். நம் சிஎஸ்ஐ-க்கு, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்கு, அந்த வழியும் ஒரு தாய்வழி.

"நாங்கள் மனுஷர் சொன்னதைக் கேட்பதில்லை, வேதம் மட்டும்தான்" என்று நீ அடிக்கடி சொல்வாய். ஆனால் உங்கள் சபை வாசலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற விசுவாச அறிக்கையை நான் நின்று வாசித்தேன். முதல் வரியே திரியேக தேவனைப் பற்றியது. திரித்துவம் என்ற சொல் வேதத்தில் எங்கும் இல்லை. 325-ல் நிக்கேயாவிலும் 381-ல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடின ஆயர்கள் வேதத்தை அப்படி வாசித்தார்கள். அந்த வாசிப்பில்தான் நீயும் நிற்கிறாய், நானும் நிற்கிறேன், மாமாவும் நிற்கிறார். 1914-ல் அமெரிக்காவில் அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தக்கோஸ்து சபை தொடங்கியபோது வேதமே போதும், விசுவாசப் பிரமாணம் வேண்டாம் என்றுதான் தொடங்கினார்கள். உன் சபை அதைச் சேர்ந்ததல்ல, இருந்தாலும் கேள். இரண்டே வருஷத்தில், இயேசுவின் நாமத்தில் மட்டுமே ஞானஸ்நானம், திரித்துவம் தவறு என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கூட்டம் சொன்னது. அவர்களும் வேதத்தைக் காட்டித்தான் சொன்னார்கள். 1916-ல் உட்கார்ந்து ஒரு விசுவாச அறிக்கை எழுத வேண்டியதாயிற்று. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேதத்தை வாசிக்கிற யாரும் இன்னொருவரோடு சேர்ந்துதான் வாசிக்கிறார்கள்.

மாமா தரப்பையும் நியாயமாகப் பார். போப் எது சொன்னாலும் தவறாது என்று கத்தோலிக்கர் நம்புகிறார்கள் என்பாய். 1870-ல் வத்திக்கான் சங்கம் சொன்னது அதுவல்ல. விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ பற்றி, முழுச் சபைக்கும், தன் பதவியின் முழு அதிகாரத்தோடு அவர் வரையறுத்துச் சொல்லும்போது மட்டும். அதற்குப் பிறகு அப்படி அறிவித்தது ஒரே முறை, 1950-ல், மரியாளின் விண்ணேற்பைப் பற்றி. அது வேதத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்கும் கேள்வி உண்டு, மாமாவிடமே கேட்டிருக்கிறேன். ஆனால் 1965-ல் அவர்கள் சங்கம், போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று எழுத்தில் வைத்திருக்கிறது.

ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு முதலான சபைகள் சேர்ந்து 1947-ல் நம் சிஎஸ்ஐ ஆனபோது இதே அதிகாரக் கேள்விதான் பெரிய முட்டுக்கட்டையாக நின்றது. பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாதவர் நற்கருணை கொடுக்கலாமா? மெதடிஸ்டுகளையும் மற்றவர்களையும் மறுபடி அபிஷேகம் செய்யாமலே போதகர்களாக ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் பேராயர்கள் இருப்பார்கள், ஆனால் அந்தப் பதவிக்கு இன்ன விளக்கம்தான் என்று யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம் என்றார்கள். இங்கிலாந்தில் அதற்குப் பலத்த எதிர்ப்பு. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

உன் சபைதான் உன்னைக் குடியிலிருந்து தூக்கி நிறுத்தியது. நாங்கள் யாரும் செய்ய முடியாததை அந்த ஜெபமும் அந்த ஜனங்களும் செய்தார்கள். ஆவியானவர் உன்னைத் தொட்டார் என்று நீ சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். என் பயம் வேறு. உங்கள் பாஸ்டர் ஒரு வசனத்துக்குத் தவறான அர்த்தம் சொன்னால் அவரைத் திருத்த யார் இருக்கிறார்கள்? மாமாவுக்குச் சங்கங்களும் போப்பும். கூடலூர்க்காரர்களுக்குச் சுன்னகதோஸ் என்கிற ஆயர்கள் மன்றமும் முன்னோர் மரபும். எங்களுக்கு சினாடு என்கிற பொதுச் சபை மன்றமும் பழைய பிரமாணங்களும். இவை எல்லாமே தவறியும் இருக்கின்றன, சில நேரம் மோசமாக. ஆனாலும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் நிறுத்திக் கேட்க அங்கே ஓர் இடம் இருக்கிறது. உங்கள் சபையில் அந்த இடம் எது, சொல். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. மாமா அன்றைக்கு வாசிக்க எடுத்து வைத்திருந்தது இரண்டாம் அதிகாரம் மட்டுமல்ல. நாலாம் அதிகாரத்தில் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள் ஒன்றை அடையாளம் வைத்திருந்தார். நீ போன பிறகுதான் பார்த்தேன். சாகப்போகிறோம் என்று நினைத்துத் தோபித்து மகனைக் கூப்பிடுகிறான். என்னை நல்லபடியாக அடக்கம் செய், உன் அம்மா உயிரோடு இருக்கிற வரைக்கும் அவளை மதித்து நட, கைவிட்டுவிடாதே என்கிறான்.

ஈஸ்டருக்கு வந்துவிடு. அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது, அச்செழுத்து தெரிவதில்லை. காலண்டர் தாள் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

அக்கா