கேள்வியை அவரிடமே கேளுங்கள்

ஆசிரியருக்கு,

அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு மனநல ஆலோசனை எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். (பேச்சுப் பயிற்சியைச் சொல்லவில்லை, மனம்விட்டுப் பேசும் சிகிச்சையைச் சொல்கிறேன்.) அப்பா இறந்தபின் என் தம்பிக்குக் கோபம் கூடியது. வயது 34. ஓர் ஆலோசகரிடம் போனோம். கேள்வியெல்லாம் என்னிடம்தான். அவனிடம் கேட்ட ஒன்றிரண்டுக்கும் 'ஆமாம்' என்றே தலையாட்டினான். எதிரில் இருப்பவரைத் திருப்திப்படுத்த இவர்களில் பலர் அப்படி ஆமாம் போடுவார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் போச்சு.

ஆலோசகருக்கும் அவரிடம் வருபவருக்கும் இடையிலான சிகிச்சை உறவுக்கு இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கிடையே பிணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்று 1979-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் எழுதினார். இங்கே இலக்கை வைப்பது பெரும்பாலும் வீட்டார். 'கோபத்தைக் குறைங்க' என்று கேட்டது நான்தான். அவனுக்கோ அப்பாவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

இப்போது அவனைப் பார்க்கும் வேறோர் ஆலோசகர் என்னை வெளியே உட்காரச் சொல்கிறார். சின்னச் சின்ன வாக்கியம், படங்கள், நிறைய நேரம். கடைசிச் சந்திப்பு எந்த நாள் என்று இப்போதே காலண்டரில் குறித்துக் காட்டியிருக்கிறார். பிடித்தவர்கள் சொல்லாமல் போய்விடுவதை அவன் நிறையப் பார்த்துவிட்டான். உள்ளே என்ன பேசினாய் என்று கேட்டேன்.

'உனக்கு எதுக்கு?' என்றான்.

ஒரு வாசகர்