எல்லா சாமியும் ஒண்ணுதான்னு சொன்ன என் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு, காரைக்குடியில இருந்து அயித்தை எழுதுறேன்.

நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு படைப்பு போட்ட அன்னைக்கு பந்தியில உக்காந்துகிட்டு சொன்னியே, "எல்லா சாமியும் ஒண்ணுதான் அயித்தை, பேருதான் வேற, ஆறெல்லாம் கடல்லதானே போய் விழுது"ன்னு, எல்லாரும் ஆமா ஆமான்னாக, நான் மட்டும் பேசாம இருந்தேன். பந்தியில வச்சு பேசுற விஷயம் இல்ல அது. ஆனா மனசுல கிடந்து உறுத்துது, அதான் எழுதுறேன், பொறுமையா படி. சண்டை வேணாம்னு நினைக்கிற புள்ள நீ, அதுல எனக்கு பெருமைதான். ஆனா ஒண்ணுதான்னு சொல்லி முடிச்சுட்டா அடுத்தவன் என்ன நம்புறான்னு கேக்க வேண்டிய வேலையே இல்லாம போயிடுது பாரு, அதுதான் எனக்கு ஒப்பல.

உன் ரூமையே எடுத்துக்க. ஒரு முஸ்லிம் பையன், ஒரு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பையன், ஒரு ஜெயின் பையன்னு சொன்ன. குர்ஆன்ல 112வது சூரா, இக்லாஸ்னு பேரு, நாலே நாலு வசனம். அல்லாஹ் ஒருவன், அவனுக்கு யார் தயவும் தேவையில்ல, அவன் யாரையும் பெறல, யாருக்கும் பிறக்கவும் இல்ல, அவனுக்கு நிகரா யாருமே இல்ல. அவ்வளவுதான். உன் ஃப்ரெண்டு சின்ன வயசுலயே மனப்பாடம் பண்ணியிருப்பான். இப்ப அந்த ஆர்.சி. பையன் ஞாயித்துக்கிழமை பூசையில சொல்ற விசுவாச அறிக்கைய கேளு, இயேசு கடவுளோட மகன், பிதாகிட்ட இருந்து பிறந்தவர், படைக்கப்பட்டவர் இல்லன்னு வரும். இது சும்மா வந்த வரி இல்ல ராசா. அலெக்சாண்டிரியாவுல ஆரியுஸ்னு ஒரு குருவானவர், மகனும் படைக்கப்பட்டவர்தான், அவர் இல்லாத ஒரு காலம் இருந்துச்சுன்னு சொல்லப்போக, அது பெரிய தகராறாகி, 325ல நைசியாங்கிற ஊர்ல ஆயர்களெல்லாம் ஒண்ணா கூடி, இல்ல, மகனும் பிதாவும் ஒரே பொருள்தான்னு முடிவு கட்டுனாங்க. அதுக்கப்புறமும் சண்டை பல வருஷம் ஓஞ்சபாடில்ல. அப்ப ஒருத்தர் கடவுள் யாரையும் பெறலங்குறார், இன்னொருத்தர் காலமே தொடங்குறதுக்கு முன்னால மகன் பிதாகிட்ட இருந்து பிறந்தார்ங்குறார். ரெண்டு பேரும் கடவுள் ஒருத்தர்தான்னு உயிரக் குடுத்து சொல்றவங்க, ஆனா அந்த ஒருத்தர் எப்படிப்பட்டவர்ங்கிற இடத்துலதான் பிரியிறாங்க. இத பேர் வித்தியாசம்னு சொன்னா ரெண்டு பேர் மனசும் நோகும். யூதர்கள்ட்ட போனா கடவுளோட பேரையே வாயால உச்சரிக்க மாட்டாங்க, வேதத்துல அது எழுதியிருக்கிற இடத்துல அதோனாய், அதாவது ஆண்டவர்னு மாத்தித்தான் வாசிப்பாங்க.

சரி, அவங்கள விடு, நம்ம ஊருக்கு வா. பிள்ளையார்பட்டி குடைவரைக்குள்ள எத்தனை தடவை போயிருக்க. ஆறடி உசரத்துல, ரெண்டே கையோட, தும்பிக்கைய வலது பக்கம் வளைச்சுகிட்டு கற்பக விநாயகர் உக்காந்திருக்கார், அது உருவம். அதே குகைக்குள்ள மலையிலயே குடைஞ்செடுத்த லிங்கம் ஒண்ணு இருக்கே, கூட்டத்துல தள்ளிவிடுறதுல பாதிப்பேர் அத பாக்காமலே வந்துடுறாங்க, அதுக்கு கையில்ல காலில்ல முகமில்ல, ஆனா கண்ணுக்கு தெரியுது, அத அருவுருவம்பாங்க. அப்புறம் சிதம்பரத்துல திரைய விலக்குனா வெறும் வெளி, தங்க வில்வ மாலை மட்டும் தொங்கும், அது அருவம். மூணையும் வச்சுகிட்டு மூணும் சாமிதான்னு சொல்ற துணிச்சல் நம்ம பெரியவங்களுக்கு இருந்துச்சு, அத நினைச்சா எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

ஆனா நம்ம சைவ சித்தாந்தத்துலயும் கறார் உண்டு. பதிங்கிற சிவன், பசுங்கிற உயிர், உயிரக் கட்டிவைக்கிற பாசம், மூணுமே அநாதி, அதாவது உயிர சிவன் படைக்கல, உயிரும் அவர் மாதிரியே தொடக்கமில்லாதது. முஸ்லிமும் கிறிஸ்தவரும் இத சுத்தமா ஒத்துக்க மாட்டாங்க, அவங்களுக்கு கடவுள தவிர எல்லாமே அவர் படைச்சதுதான். அதே நேரம் சிவன் பிறக்கவே மாட்டார், அவதாரம் கிடையாதுன்னு நம்மவங்க சொல்றது கேக்க இஸ்லாம் பக்கத்துல போய் நிக்குது, பெருமாள் கோயிலுக்கு போனா அவர் மனுஷனா பிறந்து வளர்ந்து ஆண்ட கதைதான் உசுரு. அத்வைதக்காரங்ககிட்ட கேட்டா நீயே பிரம்மம்தாம்பாங்க, சித்தாந்தி அதுக்கு தலையாட்ட மாட்டார். நம்ம வீட்டுக்குள்ளயே இவ்வளவு இருக்கு.

எங்க அப்பச்சி, உங்க ஐயா, கடையில எடுபிடி வேலை பாக்குற பெட்டியடிப் பையனா பர்மா போனவுக. அங்க பகோடாவுல பூ வச்சு கும்புடுறவங்கள பாத்து புத்தரும் சாமிதான்னு நினைச்சேன், அப்புறம் ஒரு பொங்கி, அதாவது அங்கத்திய புத்த பிக்கு, உக்கார வச்சு விளக்குனார்னு சொல்லுவாக. தேவர்கள் இல்லன்னு புத்தர் சொல்லல, ஆனா அவங்களும் பிறந்து சாகுறவங்கதான், உலகத்த படைச்ச கர்த்தான்னு ஒருத்தர் அதுல இல்லவே இல்ல. நமக்கு பக்கத்துல சித்தன்னவாசல் இருக்கே, மலை மேல ஏழடிப்பட்டம்ங்கிற குகையில வழுவழுன்னு கல்லுப்படுக்கை, அதுல படுத்து தவம் பண்ண சமணத் துறவிகளும் படைச்சவன்னு ஒருத்தர கும்புடல. உலகம் எப்பவும் இருக்கு, வினைய அறுத்து கரையேறுன உயிர்தான் உசந்தது, அப்படி 24 தீர்த்தங்கரர். அவங்க வரம் குடுக்க மாட்டாங்க. கடவுளே இல்லாத ஆறு எந்தக் கடல்ல போய் விழும், சொல்லு.

இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு நாம எதுக்கு கூடுனோம்? செத்துப்போன நம்ம பெரியவங்களுக்கு கோடி வேட்டி, சேலை வச்சு, இலை போட்டு, பங்காளிக எல்லாம் விழுந்து கும்புட்டோம். அவங்க சிவன் இல்ல, ஆனா சாமிதான், கல்யாணம் காச்சின்னா முதல்ல அவங்ககிட்ட சொல்லிட்டுதான் ஆரம்பிக்கிறோம். உன் முஸ்லிம் ஃப்ரெண்டு படைப்புச் சோறு வேணாம்னு மரியாதையா சொன்னா மனசுல வச்சுக்காத, படைச்சவனுக்கு செய்ய வேண்டியத வேற யாருக்கும் செய்யக்கூடாதுங்குறது அவன் உசுரா வச்சிருக்கிற விஷயம். நீ நம்ம படைப்ப விடாத, அவன் அவனோடத விடாம இருக்கட்டும், ராத்திரி ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து படிங்க.

எனக்காக ஒரு காரியம் பண்ணு. அந்த ஜெயின் பையன் தினமும் ணமோகார மந்திரம் சொல்லுவானான்னு கேளு. அதுல அஞ்சு வகையான பெரியவங்களுக்கு வணக்கம் மட்டும்தான் வருது, அத குடு இத குடுன்னு ஒரு வேண்டுதல் கூட கிடையாது. பரீட்சை பயம் வந்தா, வீட்டுல யாருக்காச்சும் உடம்பு முடியலேன்னா, அந்த மந்திரம் சொல்றப்ப அவன் மனசுல என்ன ஓடும்? எனக்கு நிசமாவே தெரிஞ்சுக்கணும். ஃபோன்ல அவசரத்துல சொல்லாம விவரமா எழுது.

உன் அயித்தை