1841-இல் 30 வயது என்றால் 30 அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் குடும்ப வேரைத் தேடுவது பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரை, ஆனால் 1841 கணக்கில் உள்ள வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு கிடைத்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. அந்த ஒரு முறை மட்டும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரி 30 ஆகிவிடுவாள். யார் யாருக்கு என்ன உறவு என்றும் அதில் கிடையாது, ஒரே வீட்டில் இருக்கும் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மருமகன் டண்டீ ஊர்க்காரர். அப்பா பக்கத்து ஆட்கள் யார் என்று பேத்தி கேட்டதால் தேட ஆரம்பித்தோம். அங்கே 100 ஆண்டுகள் மூடி வைத்துத்தான் திறப்பார்கள், 1921 கணக்கு 2022 நவம்பரில்தான் வெளிவந்தது. அதில் மருமகனின் தாத்தா ஐந்து வயதுக் குழந்தை. 1911-இல் அந்தத் தாத்தாவின் அம்மாவுக்கு எதிரே பிறந்த குழந்தைகள் 9, உயிரோடிருப்பவை 5 என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகு என் மகள் அன்று வேறெதையும் தேடவில்லை.

அப்புறம் 1861. அந்த ஆண்டு ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்றும் கேட்டிருக்கிறார்கள். மருமகனின் முன்னோர் வீட்டுக்கு ஒன்று, அதில் ஆறு பேர், அந்த வீட்டு மனைவிக்குச் சணல் ஆலையில் வேலை. வங்காளத்திலிருந்து கப்பலில் போன சணல்தான் அது. அவளுடைய அம்மா அயர்லாந்திலிருந்து வந்தவள், 1841-இல் 30 வயது. நான் 1851-இல் 40 வயதுப் பெண்ணைத் தேடி, அதே பெயரில் கிடைத்த ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் அவள் குடும்பத்தின் பின்னால் போனேன். நாங்கள் தேடிய பெண்ணோ இரண்டு தெரு தள்ளி 44 வயதாக இருந்தாள்! பிறந்த இடத்தில் ஊர்ப்பெயர் இல்லை, வெறும் அயர்லாந்து.

அவள்தான் என்று உறுதியானது, சணல் ஆலையில் வேலை பார்த்த அவள் மகளின் திருமணப் பதிவால். 1855 முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசே பதிவு செய்கிறது, திருமணப் பதிவில் இரு பக்கத்துப் பெற்றோர் பெயரும் இருக்கும், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு. எனவே தேடுகிறவர்கள் கணக்கெடுப்பை மட்டும் நம்ப வேண்டாம், அதைப் பதிவோடு ஒட்டிப் பாருங்கள். பெயரின் எழுத்தும் மாறும், ஏனென்றால் இன்று நாம் பார்ப்பது வீட்டார் எழுதிக் கொடுத்த தாள் அல்ல, கணக்கெடுப்பாளர் படியெடுத்த புத்தகம். அதில் பெயருக்குப் பக்கத்தில் ஒற்றைச் சாய்கோடு இருந்தால் ஒரு குடும்பம் முடிந்தது, இரட்டைக் கோடு என்றால் கட்டடமே முடிந்தது. ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள் அடைந்து கிடந்த டண்டீயில் இதைக் கவனிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் நம் குடும்பத்தில் சேர்ந்துவிடுவார்கள்.

வயது பற்றிய அந்த வரியை மட்டும் அடுத்த ஞாயிறு இதழில் திருத்திப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி