பூஞ்சைக்கு நானோ மருந்து: ஏற்றும் மருந்து வேறு, தடவும் களிம்பு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உடல்நலப் பக்கத்தில், பூஞ்சைத் தொற்றுக்கான நானோ மருந்துகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களில் ஏற்றிய மருந்துகளைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். இப்படியொரு விஷயத்தைத் தமிழில் எழுத முன்வந்ததற்கு முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரையாளர் மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்தையும், தோலில் தடவும் களிம்பையும் ஒரே மூச்சில் சொல்லி, எல்லாமே இனிமேல்தான் வரப்போகிறது என்பதுபோல் முடித்துவிட்டார். முன்னதன் நானோ வடிவம் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பின்னது பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் போனால், கேட்டுப் பெற வேண்டிய மருந்தை நம்மவர்கள் கேட்க மாட்டார்கள். வாங்கக் கூடாததை வாங்கிவிடுவார்கள். மலேசிய அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ரத்தக்குழாயில் ஏற்றும் அந்த மருந்தின் பெயர் ஆம்போடெரிசின் பி. அது 1950-களில் கண்டுபிடிக்கப்பட்டது. வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிதான் அதன் மூலம். உடலுக்குள் இறங்கிவிட்ட பூஞ்சையைக் கொல்வதில் அதற்கு ஈடான மருந்துகள் இன்றும் ஒரு சிலவே. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது, நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால். மருந்து எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு பூஞ்சையைச் சிதைக்கிறது. ஆனால் இவ்விரண்டும் அமைப்பில் நெருங்கியவை என்பதால் நம் செல்களும் அடிபடுகின்றன, குறிப்பாகச் சிறுநீரகம்.

பழைய வடிவத்தை வார்டில் கண்டவர்களுக்கு அந்த வேதனை தெரியும். 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீரில்தான் கலக்க வேண்டும். உப்பு நீர் பட்டால் திரிந்துவிடும். மணிக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். ஏற்றத் தொடங்கிய சற்று நேரத்தில் நோயாளிக்குக் குளிரும் நடுக்கமும் வரும். போர்வைமேல் போர்வை போட்டாலும் அடங்காது. அடுத்தடுத்த நாள்களில் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பூஞ்சை சாவதற்குள் சிறுநீரகம் போய்விடுமோ என்ற கவலையில் மருத்துவர்கள் மருந்தை நிறுத்தி, பொறுத்திருந்து, மறுபடி தொடங்குவார்கள்.

இதை மாற்றியது லிப்போசோம். கொழுப்பால் ஆன இந்த நுண்ணிய உருண்டைகளை 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் கண்டறிந்தார். ஆம்போடெரிசினுக்குப் பயன்படும் உருண்டையின் அளவு 100 நானோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து உருண்டைக்குள் அடைபட்டிருக்கிறது என்று கட்டுரை சொல்கிறது. அதை மட்டும் திருத்த வேண்டும். கொழுக்கட்டையில் பூரணம்போல அது நடுவில் இருப்பதில்லை, மேல்மாவோடு மாவாகக் கலந்திருக்கிறது. அதனால்தான் ரத்தத்தில் போகும்போது எளிதில் கழன்றுவிடாமல், பூஞ்சையின் செல் சுவரை அடைந்த பிறகு பிரிந்து வேலை செய்கிறது. சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும் நஞ்சு வெகுவாகக் குறைகிறது. முற்றிலும் இல்லாமல் போவதில்லை. ரத்தப் பரிசோதனை தொடர்ந்து தேவை. 1990-களின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் இது புழக்கத்தில் இருந்தது. 1997-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

பணக்கார நாடுகளுக்கு மட்டுமே உரிய மருந்து என்றும் இதை ஒதுக்க முடியாது. போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, சிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில், எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலுக்கு இதைச் சோதித்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை ஏற்றி, கூடவே இரண்டு வாரம் வேறு இரு மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தார்கள். பழைய மருந்தை ஒரு வாரம் தினமும் ஏற்றியதற்கு இது எவ்விதத்திலும் குறையவில்லை, பக்கவிளைவுகளோ குறைவு. முடிவுகள் வெளிவந்த 2022-லேயே உலகச் சுகாதார நிறுவனம் இதைத் தன் வழிகாட்டியில் சேர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் மிகக் கவனிக்க வேண்டிய 19 பூஞ்சைகளின் பட்டியலையும் முதன்முறையாக வெளியிட்டது.

நம் சமூகம் இதை ஏன் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றால், காரணம் நீரிழிவு. 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்நாட்டு இந்திய சமூகத்தினரில் மட்டும் 31 விழுக்காட்டுக்கு மேல். கட்டுப்பாடில்லாத சர்க்கரைதான் கரும்பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது இந்தியாவில் அது பரவியதும், உறவினர்கள் இந்த மருந்தைத் தேடி ஊர் ஊராக அலைந்ததும் நாம் தொலைக்காட்சியில் பார்த்தவைதாம். சர்க்கரை ஏறியிருக்கும் ஒருவருக்கு முகத்தின் ஒரு பக்கம் வலித்தாலோ, கண் வீங்கினாலோ, மூக்கிலோ மேல்வாயிலோ கறுப்பாகத் தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அறுவை சிகிச்சையும் தேவைப்படும்; மருந்து மட்டும் போதாது.

இனி விலை. ஒரு குப்பியில் இருப்பது 50 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 6 குப்பிகள் வேண்டும்; அதுவும் வாரக்கணக்கில். பூஞ்சை மூளைக்காய்ச்சலுக்கென 2018-இல் ஏழை, நடுத்தர வருமான நாடுகள் 116-க்கு ஒரு குப்பி 16.25 அமெரிக்க டாலர் என்று அறிவிக்கப்பட்டது. அந்த விலைக்குக் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் வேறு நிறுவனங்கள் இதைச் செய்து விற்பது எளிதல்ல; உருண்டையை ஒரே அளவில், ஒரே சீராகச் செய்வது அத்தனை கடினம். அமெரிக்காவில், வேறு நிறுவனம் செய்யும் முதல் பொது வகை (ஜெனரிக்) மருந்துக்கு அனுமதி கிடைத்ததே 2021 டிசம்பரில்தான். எனினும் விலையோடு மல்லுக்கட்டுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கல்லீரல் அழற்சி சி-க்கான சோஃபோஸ்புவிர் மருந்துக்கு 2017-இல், காப்புரிமை இருந்தாலும் பிறர் செய்த மருந்தை அரசு பயன்படுத்த வழிசெய்யும் அரசுப் பயன்பாட்டு உரிமத்தைப் பிறப்பித்து, அடுத்த ஆண்டே அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுத்தது மலேசியா. பூஞ்சை மருந்துக்கும் அதே உறுதியை நான் எதிர்பார்க்கிறேன்.

களிம்புக்கு வருகிறேன். படர்தாமரை, சேற்றுப்புண், தேமல் ஆகியவை நம் வெப்பத்துக்கும் வியர்வைக்கும் சாதாரணம். தோலின் மேலடுக்கைத் தாண்டி மருந்தை உள்ளே கொண்டுபோய் நிறுத்தவும், நகத்துக்குள் நுழைக்கவும் நானோ துகள்கள் உதவுமா என்று உலகெங்கும் ஆராய்கிறார்கள். நல்ல முயற்சி, வளரட்டும். ஆனால் இன்றைக்குப் பெரும்பாலான படர்தாமரை, குளோட்ரிமசோல் அல்லது டெர்பினஃபின் போன்ற மலிவான களிம்பிலேயே ஆறும், சொன்ன வாரங்கள் வரை விடாமல் தடவினால். ஆறாமல் போவதற்கு நான் அதிகம் கண்ட காரணம், ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். பூஞ்சையோ அடியில் பரவிக்கொண்டிருக்கும். இந்தியாவில் இப்படி ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் தாறுமாறாகப் புழங்கிய சூழலில்தான் டெர்பினஃபினுக்கே அடங்காத டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை தலையெடுத்தது. இன்று அது பல நாடுகளுக்குப் போய்விட்டது.

பட்டர்வொர்த்தில் ஓர் இலவச மருத்துவ முகாமில் ஒரு அக்கா தம் கைப்பையிலிருந்து ஒரு டியூப்பை எடுத்து நீட்டினார். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கியதாம். "இது நானோ மருந்துங்க ஐயா, பிள்ளைக்கும் இதைத்தான் போடுறேன்" என்றார். பெட்டியில் பதிவு எண்ணே இல்லை. அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைக்கு நல்லதைக் கொடுக்கத்தானே காசைச் செலவழித்திருக்கிறார்.

பதிவு செய்த மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கும். 'என்.ஓ.டி.' (NOT) என்று தொடங்கினால் அது வெறும் அழகுப் பொருள். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்க அதற்கு அனுமதி கிடையாது. இந்த விவரத்தையாவது கட்டுரையோடு கட்டம் கட்டிப் போட்டிருக்கலாம்.

ஆகவே அடுத்த ஞாயிறு ஒரு தொடர்ச்சிக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சுகாதார அமைச்சிடம் நேரடியாகக் கேளுங்கள்: பினாங்கிலும் செபராங் பிறையிலும் எந்தெந்த அரசு மருத்துவமனைகள் லிப்போசோம் ஆம்போடெரிசினைக் கையிருப்பில் வைத்துள்ளன? யாருக்குக் கொடுப்பது என்பதை எந்த அடிப்படையில் முடிவு செய்கிறார்கள்? நோயாளி கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். மருந்தாளர்களிடம் பேச வேண்டுமானால் என்னால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மருந்தாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு