தனுஷ்கோடிச் சுவர்களில் சிமென்ட் வைக்காதீர்கள்

தனுஷ்கோடியைப் பராமரிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் சுற்றுலா, பொதுப்பணி, வனத் துறைகளின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

1914இல் பாம்பன் பாலம் திறந்த நாள் முதல் ஐம்பது வருடம் தனுஷ்கோடி ஒரு வாசலாக இருந்தது. எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறியவர்கள் இங்கே இறங்கிக் கப்பல் மாறித் தலைமன்னார் போனார்கள். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்களின் பெயர் பழைய ஆட்கள் வாயில் இன்றும் இருக்கிறது. சேதுவில் முழுக்குப் போட வந்தவர்கள், கொழும்பு வியாபாரிகள், பிள்ளைகளோடு கடல் பார்க்க வந்தவர்கள் என்று எல்லாரும் கூடிய ஊர். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் அந்த மணல் திட்டின்மேல் இருந்தன.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அத்தனையும் போயிற்று. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் கரை சேரவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் தண்டவாளம் திரும்பப் போடவில்லை. குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. அந்த ஊரைக் கண்ணால் பார்க்க இன்று மிச்சமிருப்பது தேவாலயத்தின் கூரையற்ற சுவர்களும், ரயில் நிலையத்தின் துண்டுகளும், தண்ணீர்த் தொட்டியும், இன்னும் சில மொட்டைச் சுவர்களும்தான். 2017இல் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் கூட்டம் பெருகிவிட்டது. இந்தச் சுவர்களைப் 'பலப்படுத்த வேண்டும்' என்ற பேச்சும் கூடவே எழுகிறது. அந்த வேலை எப்படி நடக்க வேண்டும், எப்படி நடக்கவே கூடாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

தேவாலயச் சுவரின் கல் மலைக்கல் அல்ல, பவளக் கல். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கடுகளவு, மிளகளவு நட்சத்திரக் குழிகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பவள உயிர் குடியிருந்த அறை. கல் முழுக்கத் துளை என்பதால் பஞ்சு மாதிரித் தண்ணீரை உறிஞ்சும், பிறகு மெல்ல வெளியே விடும். இடுப்பு உயரத்தில் சுவரைக் கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டும். அதில் பெரும்பங்கு உப்பு. கடற்காற்று கொண்டுவரும் திவலையும், மணலிலிருந்து மேலேறும் ஈரமும் கல்லுக்குள் உப்பைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கரையும். வெயில் ஏறி அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். படிகமாகும்போது துளையின் சுவரை உள்ளிருந்து நெம்பும். கடலோரத்தில் இது ஏறக்குறைய தினசரி நடக்கிற காரியம். கல் பொரிந்து உதிர்வதற்குப் புயலை விட இதுவே பெரிய காரணம்.

இந்தச் சுவரில் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? சிமென்ட் இறுகி அடர்ந்துவிடுவதால் ஈரம் அதன் வழியே வெளியேற முடியாது. பக்கத்தில் இருக்கும் மெத்தென்ற கல் வழியாகத்தான் போகும். உப்பும் அங்கேயே போய்ப் படியும். சில வருடத்தில் கல் உள்வாங்கித் தேய, சிமென்ட் வரப்பு மட்டும் எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். சிமென்டுக்குள்ளேயே கரையும் உப்புகள் வேறு உண்டு. இரும்புக் கம்பி வைத்தால் இன்னும் மோசம். உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளந்துவிடும். இணைப்புக்குக் கம்பி தேவைப்படும் இடத்தில் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு போடுங்கள், அதுவும் குறைந்தபட்சமாக. கண்ணாடி மாதிரி மினுக்கும் நிறமற்ற பூச்சு அடிக்கச் சொல்லி விற்பனையாளர்கள் வருவார்கள். அதையும் ஏற்காதீர்கள். பூச்சுக்குப் பின்னால் உப்பு சேர்ந்து, ஒரு நாள் மேல்தோலோடு பாளமாகக் கழன்று விழும்.

செய்ய வேண்டிய வேலை சுண்ணாம்பு வேலை. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறித்து ஆளின் கண்ணைக் கெடுத்துவிடும். நீற்றியதை மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது ஒரு மாதம் ஊறப் போடுங்கள். மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. கரணையில் எடுத்தால் கட்டித்தயிர் மாதிரி ஒட்டி நிற்கும் பதம் வர வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். ஈரத்திலும் இறுக அரைப் பங்கு சுர்க்கி, அதாவது இடித்த செங்கல் பொடி. சுர்க்கிக்கு இளஞ்சூட்டில் வெந்த செங்கல்தான் வேண்டும். நன்றாக முறுகிய செங்கலை இடித்துப் போட்டால் அது வெறும் மணல், சுண்ணாம்போடு சேராது.

பெரும்பாலும் சறுக்கும் இடம் மணலும் தண்ணீரும். தளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல் கிடக்கிறதே என்று அதையே அள்ளிக் கலப்பது ஒப்பந்தக்காரருக்குச் சுலபம். ஆனால் அது உப்பைச் சாந்துக்குள் நாமே ஊட்டிவிடுகிற வேலை. மணல் வெளியிலிருந்து வர வேண்டும், வந்ததையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தண்ணீரும் லாரியில் வர வேண்டும். அங்கே மீனவக் குடும்பங்கள் மணலில் ஊற்றுத் தோண்டி எடுக்கும் நல்ல தண்ணீர், உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாக மிதப்பது. வேலைக்காக மோட்டார் வைத்து இறைத்தால் ஊற்று உவர்ந்து, அவர்கள் குடிநீர் போய்விடும். இதை ஒப்பந்த நிபந்தனையிலேயே எழுதுங்கள்.

பூச்சு ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பூசுமுன் தளர்ந்த பொடியைத் தேங்காய் நார்த் தூரிகையால் தட்டி, சுவரை நல்ல தண்ணீரால் நனைக்க வேண்டும். பூசியபின் இரண்டு வாரம் ஈரச் சாக்குப் போட்டு மூட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல வாங்கித்தான் கல்லாகும். தனுஷ்கோடிக் காற்றில் மூடாமல் விட்டால் ஒரே நாளில் வறண்டு, நகத்தால் கீறினால் உதிரும். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் போல வழவழவென்று தேய்த்துக் காட்டும் ஆசை இங்கே வேண்டாம். துளை திறந்த, சொரசொரப்பான பூச்சுதான் தேவை. இந்தப் பூச்சே உப்பை வாங்கிக்கொண்டு, கல்லுக்குப் பதிலாகத் தான் உதிரும். சில வருடத்துக்கு ஒருமுறை உரித்துப் புதிதாகப் பூச வேண்டும். அதைத் 'தோல்வி' என்று தணிக்கையில் எழுதிவிடாதீர்கள். அதன் வேலையே அதுதான். அதற்கான பணம் ஒரே தடவைத் திட்டமாக இல்லாமல் ஆண்டுப் பராமரிப்புக் கணக்கில் இருக்க வேண்டும்.

எல்லாச் சுவரையும் பூசி மூடவும் வேண்டாம். பவளக் கல் வெளியே தெரிவதுதான் அந்தத் தேவாலயத்தின் முகம். மழைநீர் இறங்கும் சுவரின் மொட்டைத் தலைக்குச் சரிவாக மூடியும், கரைந்துபோன இணைப்புகளுக்குச் சாந்தும், இடுப்புக்குக் கீழே அதிகம் பொரிந்த பகுதிக்குப் பூச்சும் போதும். சாய்ந்த சுவருக்கு முதலில் சவுக்குக் கழி முட்டுக் கொடுங்கள். அது மலிவு, துருப்பிடிக்காது, கல்லை நசுக்காது.

கல்லுக்கு எங்கே போவது என்பது தனிச் சிக்கல். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புதிதாக ஒரு துண்டும் கடலிலிருந்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆகவே சுவரடியில் விழுந்து கிடப்பதுதான் நம் கையிருப்பு. அதையும் வருகிறவர்கள் நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். காவலுக்கு அங்கே சங்கும் பாசியும் விற்கும் குடும்பங்களிலிருந்தே ஆட்களைச் சம்பளத்துக்கு வையுங்கள். கடைகளைத் துரத்த வேண்டியதில்லை. அந்த மணலை அவர்களைப் போல அறிந்தவர் யாரும் இல்லை.

இரவில் சுவர்களுக்கு வண்ண விளக்குப் போடும் யோசனை எழுந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பி எதிர்த்திசையில் போய்ச் சாகும். 2025இல் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வேலைக்கு இயந்திரம் இறக்குமுன் வனத்துறையை உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி, பங்குனி. வைகாசிக்குப் பின் காற்று சாந்தை வறட்டிவிடும், ஐப்பசியில் மழை கரைத்துவிடும். தையில் சாந்து வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே சுண்ணாம்பு குழிக்குள் போயிருக்க வேண்டும். நிதி ஒப்புதல் மார்ச் மாதக் கடைசியில் வந்து, 'மாதத்துக்குள் முடி' என்றால் ஒப்பந்தக்காரர் கை தானாகவே சிமென்ட் மூட்டைக்குத்தான் போகும்.

ஒப்புதலுக்கும் டெண்டருக்கும் காத்திராமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு சுவரையும் அளவுகோல் வைத்து நான்கு பக்கமும் படமெடுங்கள். விழுந்து கிடக்கும் கற்களுக்கு, அவை கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கரிக்கட்டியால் எண் போடுங்கள். பெயின்ட் வேண்டாம். இரண்டு ஆளும் ஒரு நாடாவும் இருந்தால் ஒரு வாரத்தில் முடியும்.

இப்படிக்கு,
பழஞ்சுவர்களில் சுண்ணாம்பு வேலை செய்கிறவர்கள்