அடிபட்ட வண்டியை மலையிறக்கச் சொல்லாதீர்கள்

மோட்டார் இன்சூரன்ஸ் நிறுவனங்களின் கோவை க்ளெய்ம் பிரிவு மேலாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம்.

குன்னூர் மலைப்பாதையில் காட்டேரிக்குக் கீழே வரிசையில் நின்றிருந்த ஒரு காரைப் பின்னால் வந்த சுற்றுலா வண்டி இடித்தது. யாருக்கும் காயமில்லை. பின் பம்பர் உள்ளே போனது, வலப்பக்க டெயில் லைட் நொறுங்கியது, டிக்கி கதவு பூட்டுப் பிடிக்கவில்லை. க்ளெய்ம் பதிவு செய்ததும் கிடைத்த பதில் இதுதான்: "வண்டியைக் கோவைக்குக் கொண்டு வந்து எங்கள் நெட்வொர்க் ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் அங்கே வந்து பார்ப்பார்." இந்தப் பதிலைச் சொல்வது ஒரு கம்பெனி மட்டும் அல்ல. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எங்கே பம்பர் உடைந்தாலும் எங்கள் காதில் விழுவது இதுதான்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. சிறு அடி வாங்கிய வண்டிக்கு மலையிலேயே சர்வே செய்யுங்கள், மலையிலுள்ள பட்டறை தரும் எஸ்டிமேட்டை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இது சலுகை கேட்கும் மடல் அல்ல. நீங்கள் விற்கும் பாலிசியையே எடுத்துப் பாருங்கள். விபத்தில் நகர முடியாமல் போன வண்டியை அருகிலுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகும் செலவைத் தருவோம் என்று தனியார் கார் பேக்கேஜ் பாலிசியில் அச்சடித்திருக்கிறீர்கள். அதற்கு உச்சவரம்பு 1,500 ரூபாய். அந்தப் பணத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து எந்த ரெக்கவரி வண்டியும் குன்னூர் ஏறி வராது. அதே பாலிசியின் நிபந்தனைகளில் இன்னொரு வரியும் இருக்கிறது: தேவையான வேலையைச் செய்யாமல் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுவதும் உரிமையாளர் தலையில். ஆக, அடிபட்ட வண்டியை ஓட்டாதே என்கிறது பாலிசி. ஓட்டிக்கொண்டு கோவைக்கு வா என்கிறது உங்கள் அலுவலகம். வழியில் ஏதாவது நடந்தால் எந்தக் காகிதத்தைக் காட்டுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

வழியில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறோம். ஊட்டியிலிருந்து கோவை 85 கிலோமீட்டருக்கு மேல். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள். செகண்ட் கியரில் இறங்க வேண்டிய பாதை அது. இருந்தும் சமவெளியிலிருந்து வருகிறவர்கள் பலர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார்கள்; சூடேறிய பிரேக், வழியிலுள்ள மரப்பாலம் என்ற ஊர் வருவதற்குள் பிடிமானம் இழக்கும். அப்படிப்பட்ட வண்டிகளுக்கு முன்னால், ஒரு பக்கம் டெயில் லைட்டே இல்லாத காரைப் பனிமூட்டத்தில் இறக்கச் சொல்கிறீர்கள். ஜூலையிலும் நவம்பரிலும் பத்தடிக்கு அப்பால் பம்பரே தெரியாது, பிரேக் லைட்டின் சிவப்பு மட்டும்தான் தெரியும். அது ஒரு பக்கம் எரியாவிட்டால் முன்னால் போவது காரா பைக்கா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. இரண்டாவது இடி அங்கேதான் விழுகிறது. அந்த இரண்டாவது இடியை, முதல் இடியோடு சேராத தனிச் சேதம் என்று எழுதுகிறார் சர்வேயர்.

பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அடி வாங்கியதும் பாதி தானாகவே வெளியே வந்துவிடும். பார்த்தால் கீறல் மாதிரிதான் இருக்கும். உள்ளே குறுக்கே போகும் இரும்புச் சட்டம் வளைந்திருக்கும், பேக் பேனல் மடங்கியிருக்கும், ஸ்டெப்னி வைக்கும் தளம் சுருங்கியிருக்கும். டிக்கி ரப்பர் உட்காராமல் ஒரு விரல் இடைவெளி விட்டால், சைலன்சர் புகை அந்த வழியாக உள்ளே ஏறும். ஏசி போட்டு கண்ணாடி ஏற்றியிருக்கும் காரில் இது விளையாட்டான விஷயம் அல்ல. சைலன்சரைப் பிடித்திருக்கும் ரப்பர் கழன்றிருந்தால் வளைவின் மேட்டில் தரையில் உரசும். பின் மட்காடு உள்ளே வந்திருந்தால் சமதளத்தில் ஒன்றும் தெரியாது. கொண்டை ஊசியில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து ஸ்பிரிங் அமுங்கும்போதுதான் தகரம் டயரை அறுக்கும்.

இடித்த வண்டியின் நிலைமை இன்னும் மோசம். ஏசி கண்டென்சர் பின்னால் தள்ளப்பட்டு ரேடியேட்டரில் உரசினால் சொட்டுச் சொட்டாகக் கூலன்ட் போகும். கூலன்ட் இல்லாமல் மலை ஏறினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். கோவைக்குப் போவது இறக்கம்தானே என்று தோன்றலாம். கூடலூர்க்காரருக்கு அப்படி இல்லை. அவர் நடுவட்டம், பைக்காரா வழியாக முதலில் ஊட்டிக்கு ஏறி, பிறகுதான் கோவைக்கு இறங்க வேண்டும். பந்தலூர், சேரம்பாடிக்காரர் அதற்கும் முன்பே புறப்பட வேண்டும்.

ஆகவேதான் மறுபடியும் கேட்கிறோம். மலையிலேயே சர்வே செய்யுங்கள்.

இனி பணக் கணக்கு. உதாரணத்துக்கு 1500 சிசிக்கு உட்பட்ட ஒரு சொந்தக் கார், நில் டெப் (உதிரிபாகத் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் கூடுதல் பாதுகாப்பு) இல்லாத பாலிசி. பம்பர் 6,000, டெயில் லைட் 3,000, பெயிண்டிங் 4,000, கூலி 2,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15,000 ரூபாய். பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் என்பதால் பம்பருக்கும் லைட்டுக்கும் 4,500 கழியும். பெயிண்டிங்கில் கால்பங்கைப் பெயிண்ட் விலையாகக் கொண்டு அதில் பாதி, அதாவது 500 கழியும். ஒவ்வொரு க்ளெய்மிலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வருவது 9,000.

அந்தக் காருக்கு இப்போது 35 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) இருந்து, தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் 10,000 ரூபாயிலேயே நிற்கிறது என்று வையுங்கள். க்ளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு 45, அதற்கடுத்து 50. க்ளெய்ம் செய்தால் அடுத்த ஆண்டு பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று ஏணியை அடியிலிருந்து ஏற வேண்டும். ஐந்து ஆண்டில் கைவிட்டுப் போகும் தள்ளுபடி 12,000 ரூபாய். 9,000 வாங்க 12,000 விட வேண்டும், அதற்கு மேல் கோவைக்குப் போய்வரும் டீசல், விட்ட வண்டியை எடுக்க மறுபடி ஒரு பயணம், வாடகை வண்டி என்றால் ஓட்டம் இல்லாத நாட்கள். நீலகிரியில் சிறு இடிக்கு க்ளெய்ம் அதிகம் வருவதில்லை என்று உங்கள் பதிவேடு சொல்லுமானால், காரணம் இதுதான். இடி விழாமல் இல்லை. இடி வாங்கியவர் வாயை மூடிக்கொண்டு பட்டறையில் பணம் கட்டிவிடுகிறார்.

பின்னால் வந்து இடித்தவர் பக்கம் பார்த்தால் அங்கேயும் கதவு பூட்டியிருக்கிறது. முன் வண்டிக்கும் தனக்கும் போதிய இடைவெளி விட வேண்டியது பின்னால் வருகிறவர் கடமை. அவருடைய மூன்றாம் நபர் பாலிசியில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு, தனியார் காருக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது, பிரீமியத்தைக் குறைப்பதற்காக அந்தப் பாதுகாப்பை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்டால் தவிர. அதில் வாங்கினால் இடிபட்டவரின் போனஸ் போகாது. ஆனால் 15,000 ரூபாய் பம்பருக்கு, மோட்டார் விபத்து இழப்பீட்டு டிரிப்யூனலில் வழக்குப் போடுங்கள் என்கிறீர்கள். இடித்தவர் அன்று மாலையே மைசூருக்கோ கொச்சிக்கோ போய்விடுகிறார். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி மேலே வருவதில்லை. எந்த எண் எப்போது வந்தது என்பது பதிவில் இருக்கிறது. ஆள் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொண்ட இடத்திலாவது, இரண்டு கம்பெனிகளும் பேசிக்கொண்டு நேரடியாகத் தீர்த்துத் தர முடியாதா?

பிக்கப் வண்டிக்காரர்கள் நிலை தனி. கேரட்டும் பச்சைத் தேயிலையும் ஏற்றும் சரக்கு வண்டிகளின் பாலிசியில் விளக்கு, பம்பர், மட்காடு, பெயிண்ட் ஆகியவை சேதத்திலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன. ஐஎம்டி 23 என்ற கூடுதல் பாதுகாப்பைப் பணம் கட்டிச் சேர்த்தால்தான் அவை கிடைக்கும். பின்னாலிருந்து இடித்தால் உடைவது சரியாக அந்த நான்கும்தான். பாலிசி விற்கும்போது இதைத் தமிழில் ஒரு வரி சொல்ல உங்கள் ஏஜெண்டுகளுக்கு உத்தரவிடுங்கள். ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லி விற்றுவிட்டு, பம்பர் உடைந்த அன்று விலக்கைக் காட்டுவது நியாயமல்ல.

மலையிலேயே சர்வே வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோவையில் உட்கார்ந்து பார்த்தால் அது தெரியாது. ஊட்டி சேரிங் கிராஸுக்கு ஏறும் சாலை மாதிரியான ஏற்றத்தில் வரிசை நகரும்போது, முன் வண்டி கிளட்ச் பிடிக்காமல் பின்னால் உருண்டு வந்து மோதும். ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்கத் தெரியாதவர்கள் சீசனில் நிறைய. ஃபோட்டோவில் பார்த்தால் பின் வண்டி இடித்த மாதிரியேதான் இருக்கும். வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. பிரேக் அடித்துக்கொண்டே வந்து இடித்த வண்டியின் மூக்கு தாழும், அதனால் அதன் தடம் முன் வண்டியின் பம்பரில் கொஞ்சம் கீழே விழும். உருண்டு வந்து முட்டியதில் மூக்கு தாழ்வதில்லை, பம்பர் பம்பருக்கு நேர் மட்டத்தில் பதியும், உள்ளே மடங்கலும் குறைவு. ஓன் டேமேஜ் க்ளெய்முக்கு யார் தவறு என்பது முக்கியமில்லைதான். மூன்றாம் நபர் பணம் கேட்கும்போது எல்லாம் இதில்தான் இருக்கிறது. சரிவைக் கண்ணால் பார்த்த சர்வேயர் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வீர்கள். சேதம் 50,000 ரூபாய்க்குக் கீழே என்றால் உரிமம் பெற்ற சர்வேயரே கட்டாயமில்லை. உங்கள் ஊழியர் பார்த்தாலும் போதும், வீடியோவில் பார்த்தாலும் போதும். வீடியோ என்றால் நேரலை மட்டும்தான் ஏற்போம் என்று அடம்பிடிக்காதீர்கள். பர்லியாரிலும் நடுவட்டத்திலும் சிக்னல் பாதியில் அறுந்து, செயலி முதலிலிருந்து கேட்கிறது. தேதி, நேரம், இடம் பதிந்த படங்களைப் பிறகு அனுப்ப அனுமதியுங்கள். நம்பர் பிளேட் தெரியும்படி நான்கு மூலை, சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், உடைந்த இடம் கிட்டத்தில். பிறகு பட்டறையில் பம்பரைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் சட்டம், பேக் பேனல், தளம். இந்த இரண்டாவது தொகுப்புதான் முக்கியம். கழற்றுவதற்கு முன் போட்ட எஸ்டிமேட்டோடு க்ளெய்மை மூடிவிட்டு, பிறகு தெரிந்த மடங்கலை ஏற்க மறுப்பதால்தான் பாதி தகராறு வருகிறது. துணை எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி அதே நாளில் ஒப்புதல் சொன்னால், டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் ஊட்டியிலேயே முடியும். ஈரக் காற்றில் பெயிண்ட் காய நேரமாகும் என்பதால் ஒப்புதல் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பட்டறையில் இடம் அடைக்கிறது.

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமனம், 15 நாளில் அறிக்கை, அறிக்கை கிடைத்த 7 நாளில் முடிவு. வண்டி கோவைக்கு வந்தால்தான் கடிகாரம் ஓடும் என்று அதில் எங்கும் இல்லை. ஆவணம் இல்லை என்பதற்காக க்ளெய்மைத் தள்ளக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. யாருக்கும் காயமில்லாத பம்பர் உடைசலுக்கு எஃப்ஐஆர் கேட்டு ஆளை ஸ்டேஷனுக்கு அலைய விடாதீர்கள். தேவையென்றால், புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீது போதும்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் வாங்கும்போது நீலகிரி உங்களுக்குத் தூரமாக இருந்ததில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களில் தலா ஒரு பட்டறையையாவது கேஷ்லெஸ் பட்டியலில் சேருங்கள். அதுவரை, 50,000 ரூபாய்க்குக் கீழுள்ள எல்லா க்ளெய்முக்கும் உள்ளூர்ப் பட்டறையின் எஸ்டிமேட்டை ஏற்கும்படி உங்கள் அலுவலகங்களுக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள். அதன் நகலை நீலகிரியிலுள்ள உங்கள் கிளைகளில் தமிழில் ஒட்டுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். பதில் வராவிட்டால் ஒவ்வொரு க்ளெய்மையும் தனித்தனியாக ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார்த் தளத்திலும், பிறகு சென்னை இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடமும் பதிவு செய்வோம்.

இப்படிக்கு,
நீலகிரி வண்டி உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், பட்டறைக்காரர்கள்